தோல்விக்கு அஞ்சாதே என்போரிடம் சில கேள்விகள்

2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள், கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரிய பீடத்துக்கு ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, காரணம் சொல்லி, அரை மணித்தியாலம் காத்திருந்த பின்னர்தான் அவரை உள்ளே அனுமதித்தார்கள். என் முன்னால் அமர்ந்தவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பத்திரிகை நறுக்கை எடுத்து மேசையில் விரித்தார். அது எங்கள் வாரவெளியீட்டின் இளைஞர் பக்கத்தில் நான் எழுதிய பத்தி. “வெற்றியாளர்கள் தோல்விக்கு அஞ்சுவதில்லை” என்பது தலைப்பு.

“ஐயா, நீங்கள் எழுதினதைத்தான் நான் செய்தனான். இனி என்ன செய்யிறது எண்டும் நீங்களே சொல்லுங்கோ” என்றார்.

அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய கதை இதுதான். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ-9 வீதி திறக்கப்பட்ட காலம். குடாநாட்டுக்குள் பொருட்கள் வந்து குவிந்தன. புலம்பெயர்ந்த உறவினர்கள் வந்து போனார்கள். ஊரெங்கும் புதிய கடைகள் முளைத்தன. கூட்டுறவுச் சங்கமொன்றில் நிரந்தர எழுதுவினைஞராக இருந்த இந்த இளைஞர் வேலையை விட்டுவிட்டு, கணினிப் பயிற்சியும் இணைய வசதியும் கொண்ட ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். தாயாரின் நகைகள் அடகுக்குப் போயின. வங்கிக் கடனுக்கு மாமனாரும் மூத்த அக்காவின் கணவரும் பிணை நின்றார்கள். இரண்டு வருடங்கள் தொழில் நன்றாகவே நடந்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டது. ஏ-9 மூடப்பட்டது. பிற்பகலோடு ஊரடங்கு, மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, ஜெனரேட்டருக்கு ஊற்ற எரிபொருள் இல்லை. சில மாதங்களில் நிலையம் மூடப்பட்டது. கடன் மட்டும் திறந்திருந்தது. பிணை நின்ற அத்தானின் சம்பளத்தில் வங்கி கைவைத்தது. அக்கா பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த இளைஞருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தேநீர் வருவித்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் வேலைக்காகக் கடிதம் கொடுத்தேன். நறுக்கை அவர் மேசையிலேயே விட்டுச் சென்றார். அந்தப் பதிலை, காலம் பிந்தியேனும், இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். அந்தப் பத்தி எப்படி எழுதப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவது நல்லது. வாரவெளியீட்டின் உட்பக்கங்கள் வியாழக்கிழமை மாலையே அச்சுக்குப் போகவேண்டும். விளம்பரம் வராமற்போனால் பக்கத்தில் அரைப்பத்தி வெறுமையாக நிற்கும். அதை நிரப்புவதற்கு அமெரிக்கச் சஞ்சிகைகளில் வரும் வெற்றியாளர் கதைகளைப் போல் உதவுவது வேறொன்றுமில்லை. எடிசனைப் பற்றி ஒரு வரி, ஃபோர்டைப் பற்றி ஒரு வரி, இறுதியில் “நண்பா, நீயும் எழுந்து நில்” என்று ஓர் ஆணை. கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். சரிபார்க்க எவரும் கேட்பதில்லை. நகரசபைக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி தவறாக எழுதினால் மறுநாள் தொலைபேசி அலறும். எடிசனைப் பற்றித் தவறாக எழுதினால் பாராட்டுக் கடிதம் வரும்.

அந்தத் தொழிலை இன்று பத்திரிகைகளை விடப் பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. மண்டபம் எடுத்து, நுழைவுச்சீட்டு விற்று, கழுத்தில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு, “தோல்விப் பயம் உங்கள் மனதில்தான் இருக்கிறது” என்று சொல்கிறார்கள். கொழும்பிலும் சென்னையிலும் மட்டுமன்றி, ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் இதைக் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் இந்தச் சரக்கை விற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இதில் மூன்று பொய்கள் இருக்கின்றன.

முதலாவது பொய், வெற்றி பெற்றவர்கள் தோல்விக்கு அஞ்சுவதில்லை என்பது.

இன்டெல் நிறுவனத்தை உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாக வளர்த்த அன்ட்ரூ குரோவை எடுத்துக்கொள்வோம். புடாபெஸ்ற்றில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் ஆக்கிரமிப்பில் உயிர்தப்பி, 1956ஆம் ஆண்டு ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டதன் பின்னர் எல்லையைக் கடந்து ஓடியவர். 1996இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே, சதா சந்தேகமும் அச்சமும் கொண்டவர்கள் மாத்திரமே பிழைப்பார்கள் என்ற பொருளைத் தருவது. போட்டியாளருக்கு அஞ்சுவது, வங்குரோத்துக்கு அஞ்சுவது, தன் கணிப்புப் பிழைத்துவிடுமோ என்று அஞ்சுவது ஆகியவற்றை அவர் குறையாகக் கருதவில்லை. ஒரு நிறுவனத்தை விழிப்போடு வைத்திருக்கும் சக்திகளாகவே கருதினார்.

கலைத்துறையிலும் இதுவே நிலைமை. செலோ வாத்தியத்தின் மாமேதை பப்லோ கசல்ஸ் மேடைப் பயத்தால் வாழ்நாள் முழுவதும் அவதிப்பட்டவர். 1901இல் கலிபோர்னியாவில் ஒரு மலையில் ஏறும்போது பாறையொன்று உருண்டு அவரது இடது கையை நசுக்கியது. அந்தக் கணத்தில் தமக்குத் தோன்றிய முதல் எண்ணம், இனி வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் என்று அவரே தமது நினைவுகளில் கூறியிருக்கிறார். கை குணமாகியது. பயம் குணமாகவில்லை. எனினும் மேலும் எழுபது ஆண்டுகள் அவர் வாசித்தார். ஆங்கில நாடக உலகின் பெருநடிகர் லோரன்ஸ் ஒலிவியர், பிரித்தானிய தேசிய நாடக அரங்கின் தலைமைப் பொறுப்பில், புகழின் உச்சியில் இருந்த 1960களில்தான் மேடைப் பயத்துக்கு ஆளானார். மேடையில் தமது கண்களை நேராகப் பார்க்கவேண்டாம் என்று சக நடிகர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது இருந்தது. அப்போதும் அவர் மேடையேறாமல் இருக்கவில்லை.

ஹரி பொட்டர் கதைகளின் ஆசிரியை ஜே.கே. ரௌலிங் 2008 ஜூனில் ஹார்வர்ட் பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எல்லோரும் எடுத்தாள்வார்கள். ஆனால் அந்த உரையில், மாணவப் பருவத்தில் தாம் வறுமையை விடத் தோல்விக்கே அதிகம் அஞ்சியதாக அவர் சொன்னதையும், தோல்வி இனிமையானது என்று சொல்லத் தாம் வரவில்லை என்று எச்சரித்ததையும் விட்டுவிடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். அது என் தலைப்புக்குப் பொருந்தவில்லை.

இரண்டாவது பொய், கணக்கில் இருக்கிறது.

ஏப்ரகாம் வால்ட் என்றொரு புள்ளிவிபரவியல் அறிஞர் இருந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் அமெரிக்கா சென்றவர். இரண்டாம் உலகப் போரில் தாக்குதலுக்கு இலக்காகித் திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைக் கொண்டு, எந்தப் பகுதி அதிக ஆபத்துக்குரியது என்று கணிக்கும் பணி அவரிடம் வந்தது. துளைகள் அதிகமாக உள்ள இடத்துக்குக் கவசம் இடுவோம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும். வால்ட் 1943இல் தயாரித்த அறிக்கைகளின் சாரம் அதற்கு நேர்மாறானது. நாம் பார்ப்பவை திரும்பி வந்த விமானங்கள் மாத்திரமே. துளைகள் உள்ள இடங்களில் அடிபட்டும் விமானம் திரும்பியிருக்கிறது. துளைகள் காணப்படாத இயந்திரப் பகுதியில் அடிபட்டவை திரும்பவே இல்லை. ஆகவே காணாமற்போனவற்றை எண்ணாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பது அவரது பாடம். அந்த வால்ட் 1950 டிசம்பரில், இந்தியாவில் விரிவுரைப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, தமிழகத்தின் நீலகிரி மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் மனைவியோடு உயிரிழந்தார். நம் மண்ணில் மடிந்த அவரது பாடத்தை நாம் இன்னும் படிக்கவில்லை.

வேலையை விட்டுத் துணிந்து இறங்கி வென்றவர் மேடைக்கு வருகிறார். அதே துணிவோடு இறங்கித் தோற்றவரை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை. ஆகவே துணிந்தவர்கள் எல்லோரும் வென்றார்கள் என்ற தோற்றம் உண்டாகிறது. எனது முப்பது வருடப் பத்திரிகை வாழ்வில் எத்தனையோ தொழிலதிபர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். கடையை மூடிய ஒருவரைத் தேடிச் சென்று, “நீங்களும் துணிந்துதானே இறங்கினீர்கள், என்ன நடந்தது?” என்று நான் கேட்டதில்லை. அந்த இளைஞர் தாமாக வந்திருக்காவிட்டால் அவரும் திரும்பாத விமானமாகவே இருந்திருப்பார்.

மூன்றாவது பொய்யே மிகக் கொடியது. வென்றவர்கள் விழுந்தபோது அவர்களைத் தாங்கிய தரையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஸ்டீவ் ஜொப்ஸ் 1985இல் தாம் உருவாக்கிய அப்பிள் நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். 2005 ஜூனில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அது தமக்கு நேர்ந்த மிகச் சிறந்த விடயம் என்று கூறினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஆனால் வெளியேறிய அவர் கையில் அப்பிள் பங்குகள் இருந்தன. அவற்றை விற்ற பணத்தில் நெக்ஸ்ட் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் ஒரு கோடி டொலர் அளவில் செலவிட்டு, பின்னாளில் பிக்சார் என்று புகழ்பெற்ற நிறுவனத்தையும் வாங்கினார். அவருடைய திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வகையான தோல்வியை நம் ஊரில் தோல்வி என்று சொல்வதில்லை.

ஹென்றி ஃபோர்ட் 1899இல் சேர்ந்து தொடங்கிய முதலாவது நிறுவனம் 1901இல் கலைந்தது. இரண்டாவதிலிருந்து 1902இல் வெளியேறினார். 1903இல் தொடங்கிய மூன்றாவதுதான் நிலைத்தது. மூன்று தடவையும் முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். நட்டம் அவர்களுக்குள் பங்கிடப்பட்டது. அவருடைய அக்காவின் கணவர் பிணை நின்று சம்பளத்தை இழக்கவில்லை. வோல்ட் டிஸ்னியின் முதலாவது படநிறுவனம் 1923இல் வங்குரோத்தானது. சட்டம் அந்தக் கணக்கை அங்கேயே முடித்துவைத்தது. அவர் லொஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்று தந்தையின் சகோதரர் வீட்டில் தங்கி, தம் அண்ணனோடு சேர்ந்து அதே ஆண்டிலேயே மறுபடி தொழில் தொடங்கினார். ரௌலிங் கைக்குழந்தையோடு எடின்பரோவில் வறுமையில் வாழ்ந்தபோது அவருக்குச் சோறு போட்டது பிரித்தானிய அரசின் நலன்புரிக் கொடுப்பனவு. 1997இல் ஸ்கொட்லாந்துக் கலைப் பேரவை 8,000 பவுண் நிதியுதவி வழங்கியது. செல்வந்தரான பின்னர் வரியைத் தவிர்க்க வெளிநாடு செல்லாததற்கு அந்த நன்றிக்கடனையும் ஒரு காரணமாக அவரே எழுதியிருக்கிறார். தம்மைத் தாங்கிய தரையை மறக்காத அரிதான வெற்றியாளர் அவர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் 1853இல் கொண்டுவந்த வங்குரோத்துக் கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காலம் தள்ளிய நாடு இது. தோற்றவன் கணக்கை முடித்துக்கொண்டு மறுபடி எழுவதற்கு வழிசெய்வதில் நமக்கு அவசரம் இருக்கவில்லை. கடன் கொடுத்தவனுக்கான வழியோ வேகமாக அமைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஈடுவைக்கப்பட்ட சொத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலத்தில் விற்கும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. பராட்டே என்ற சொல்லை அறியாத சிறு வியாபாரி இந்நாட்டில் இல்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இந்த நாடே தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. நாட்டுக்குக் கடன் மறுசீரமைப்பும் சர்வதேச நாணய நிதியத்தின் உதவியும் கிடைத்தன. அதே நெருக்கடியில் விழுந்த சிறு வியாபாரிக்கு ஏல அறிவித்தல் கிடைத்தது. பலத்த எதிர்ப்பின் பின்னர் 2024இல் அந்த ஏலங்கள் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டன. தன் தோல்விக்குத் தரை தேடிக்கொண்ட அரசு, பிரசைகளுக்குக் கொடுத்தது சில மாத அவகாசம்.

இப்படியான நாட்டில் ஒருவன் தோல்விக்கு அஞ்சினால் அவனுடைய மனதில் என்ன கோளாறு? அவன் கணக்குத் தெரிந்தவன். அவனைப் பார்த்து “பயம் உன் கற்பனை” என்பது, கூரையில்லாத வீட்டில் நனைபவனைப் பார்த்து “மழையைப் பற்றி நினைக்காதே” என்பதற்கு ஒப்பானது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். தோல்விப் பயத்தால் முடங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். எழுதத் தெரிந்தும் எழுதாதவர்களை, பேசத் தெரிந்தும் வாய் திறவாதவர்களை நான் ஆசிரிய பீடத்திலேயே கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஊக்கம் தேவையில்லையா என்று கேட்கலாம். தேவைதான். ஆனால் அந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அல்லவா ஊக்கம் கொடுக்கவேண்டும்?

ஜோன் அற்கின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் இதைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பின்னர் வளையம் எறியும் விளையாட்டைக் கொண்டு அது பரிசோதிக்கப்பட்டது. எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை எறிபவரே தீர்மானிக்கலாம். சாதிக்கும் விருப்பு மேலோங்கியவர்கள் நடுத்தரமான தூரத்தையே அதிகம் நாடினார்கள். முயன்றால் விழும், கவனம் தவறினால் விழாது என்ற தூரம் அது. அந்தக் கோட்பாட்டின்படி, தோல்விப் பயம் மேலோங்கியவரை இரண்டு அந்தங்கள் ஈர்க்கும். ஒன்று, தவறவே முடியாத கிட்டிய தூரம். மற்றது, எவராலும் முடியாத நெடுந்தூரம். அங்கிருந்து தவறினால் வெட்கமில்லை அல்லவா?

இப்போது சிந்தித்துப் பாருங்கள். “கனவைப் பெரிதாகக் காண், வானத்தைக் குறிவை” என்று மேடையில் முழங்கும்போது நாம் எந்தத் தூரத்தைக் காட்டுகிறோம்? பயந்தவன் ஒளிந்துகொள்ள விரும்பும் நெடுந்தூரத்தையே காட்டுகிறோம். அவனுக்கு வேண்டியது, இந்த மாதம் செய்யக்கூடிய, தவறினால் திருத்தக்கூடிய ஒரு வேலை. அதைச் சொன்னால் மண்டபத்தில் கைதட்டல் விழாது.

வேறொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். தோல்விப் பயம் என்று நாம் சொல்வதில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று நட்டத்தைப் பற்றியது. மற்றது நாலுபேர் முகத்தில் எப்படி விழிப்பது என்பது. முதலாவது பொருளாதாரத்தால் உண்டாவது. இரண்டாவதை உண்டாக்குபவர்கள் நாங்கள்தான். அதில் பத்திரிகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வந்ததும் பத்து வயதுக் குழந்தைகளின் புகைப்படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டோம். உயர்தரப் பெறுபேறுகள் வந்ததும் மாவட்ட முதலிடங்களைப் போட்டோம். தனியார் கல்வி நிலையங்களின் முழுப்பக்க விளம்பரங்களுக்குக் காசு வாங்கினோம். உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுபவர்களிலேயே பெரும்பான்மையினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பதற்கு அதன் சோம்பலை விட, இருக்கைகளின் எண்ணிக்கையே பெரிய காரணம் என்பதும் தெரியும். அதைப் பெட்டிச் செய்தியாகவும் புகைப்படத்தைத் தலைப்புச் செய்தியாகவும் போட்டோம். பிறகு அடுத்த ஞாயிறு, தோல்விக்கு அஞ்சாதே என்று நானே பத்தி எழுதினேன். முதற்பக்கத்தில் பயத்தை விற்று, உட்பக்கத்தில் மருந்து விற்றிருக்கிறோம்.

என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. உயர்தரத்தில் முதற்தடவை நான் கணிதப் பிரிவில் தோற்றிச் சித்தியடையவில்லை. பெறுபேற்றுத் தாளோடு வீட்டுக்குப் போனபோது தந்தையார் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டிட்டு வா. கலைப்பிரிவுக்கு மாறி இன்னொருக்கா எடு” என்றார். அவ்வளவுதான். மாறினேன், பல்கலைக்கழகம் சென்றேன், பட்டம் பெற்றேன், இந்தத் தொழிலுக்கு வந்தேன். நான் துணிச்சல்காரன் என்பதால் அது நடக்கவில்லை. மறுபடி எழுத அனுமதிக்கும் விதி இருந்தது; கட்டணமின்றிப் படிக்க 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி இருந்தது; ஊர் என்ன சொல்லும் என்று கேட்காத ஒரு தந்தை இருந்தார்.

பரீட்சையில் தோற்ற மேதைகளின் பட்டியலில் கணிதமேதை இராமானுஜனின் பெயரைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியதால் அவர் புலமைப்பரிசிலை இழந்தார். 1905இல் வீட்டை விட்டு ஓடிப்போனார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. பரீட்சையில் தோற்றார். இதுவரை சொல்வார்கள், உடனே கேம்பிரிட்ஜுக்குத் தாவிவிடுவார்கள். இடையில் நடந்ததைச் சொல்வதில்லை. அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்த நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் அவருடைய கணிதத்துக்கு இடம்கொடுத்தார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்போது இராமானுஜனுக்கு ஒரு சம்பளமும் ஒரு மேசையும் இருந்தன. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. அவரது மேதைமை அவருடையது. அந்த 25 ரூபாய் வேறொருவருடையது. அது இல்லாமல் எத்தனை இராமானுஜன்கள் திரும்பாமற் போனார்கள் என்பதை எவர் எண்ணியிருக்கிறார்?

அச்சத்தை இகழ்வதற்குப் பாரதியாரை அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாரதியார் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். 1908இல் “இந்தியா” பத்திரிகையின் மீது சென்னை அரசாங்கம் பாய்ந்து, அதன் சட்டபூர்வ வெளியீட்டாளர் கைதானபோது, அவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து பத்திரிகையை நடத்தினார். பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எவருக்கு நா எழும்? சிறைக்குள் இருந்தால் எழுத முடியாது என்பதைக் கணித்து, எழுதக்கூடிய இடத்தைத் தேடிக்கொண்ட விவேகம் அது. வள்ளுவர், அஞ்சத்தக்கதை இனங்கண்டு அஞ்சுவது பற்றிய குறளை “அறிவுடைமை” என்னும் அதிகாரத்திலேதான் வைத்திருக்கிறார். எங்கள் ஆசிரிய பீடத்தில் நாற்பது வருடம் ஒப்புநோக்காளராக இருந்த பெரியவர் ஒருவர், மரண அறிவித்தல்களில் உள்ள பெயர்களை மூன்று தடவை வாசிப்பார். காரணம் கேட்டால், “பயம் தம்பி, பயம்” என்பார். அவர் கடமையிலிருந்த காலத்தில் உயிரோடு இருப்பவரின் பெயர் இறந்தவரின் இடத்தில் வந்ததில்லை.

ஆகவே வெற்றி பெற்றவர்கள் தோல்விப் பயத்தைப் பற்றி எப்படிச் சிந்திக்கிறார்கள் என்ற கேள்விக்கு என் விடை இதுதான். அவர்கள் அதை விரட்டுவதில்லை. அதைக் கேள்விகளாக மாற்றிக்கொள்கிறார்கள். தோற்றால் எவ்வளவு போகும்? யாருடையது போகும்? தோற்றபின் மறுபடி முயல என்னிடம் என்ன மிஞ்சும்? இந்த மூன்றுக்கும் விடை கண்டபின் இறங்குகிறார்கள். அல்லது இறங்காமல் விடுகிறார்கள். கையும் நாவும் நடுங்கியபடியே தமது வேலையைச் செய்கிறார்கள்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மண்டபம் எடுக்கும்போது, உங்கள் பேச்சைக் கேட்டு இறங்கித் தோற்ற ஒருவரையும் மேடைக்கு அழையுங்கள். அவருக்கும் அரை மணித்தியாலம் கொடுங்கள். வெற்றியாளரிடம், விழுந்த நாளில் உங்கள் வீட்டு அடுப்பை எரித்தது யார் என்று கேளுங்கள். அதன் பின்னரும் உங்கள் நுழைவுச்சீட்டு விற்குமானால் உங்கள் தொழில் நேர்மையானது.

புலம்பெயர்ந்து வாழும் பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளையின் பயத்தைப் போக்க அந்நியர் ஒருவருக்குக் கட்டணம் செலுத்துவதற்கு முன்னர், அது தோற்று வரும் நாளில் உங்கள் வாயிலிருந்து வரப்போகும் முதல் வாக்கியத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் மகன் எத்தனை புள்ளி எடுத்தான் என்பது அந்த வாக்கியமாக இருக்கக்கூடாது. ஊரில் ஒரு சகோதரியின் பிள்ளைக்கு “துணிந்து தொழில் தொடங்கு” என்று தொலைபேசியில் புத்தி சொல்பவர்கள், அது சரிந்தால் எவ்வளவு நட்டத்தைத் தாங்கள் ஏற்பார்கள் என்பதையும் அதே அழைப்பிலேயே சொல்லிவிடவேண்டும்.

அந்த இளைஞரை நான் பின்னர் ஒரேயொரு தடவைதான் கண்டேன். எனது கடிதத்தால் கிடைத்த வேலையில் சில வருடங்கள் இருந்து, கடனை அடைத்து முடித்திருந்தார். அத்தானின் சம்பளத்தில் பிடித்த பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மறுபடி தொழில் தொடங்கும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, “எண்ணம் இருக்கு ஐயா. இந்தமுறை பிணைக்கு ஆரையும் கேக்க மாட்டன்” என்றார்.

அவர் தொழிலில் செய்த பிழை என்று என்னால் ஒன்றையும் காட்ட முடியாது. வீதியை மூடியவர் அவரல்ல. பிழையான பத்தியை எழுதியவன் நான். அந்த நறுக்கு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.